பென்சில் கோடு போட்ட பக்கங்கள்: கரிசல்ல இருந்து கடல் வரைக்கும்

நாள் 1: இடைசெவல்

போன ரெண்டு மாசமா நான் படிச்சது எல்லாமே தெற்குச் சீமைப் புத்தகங்கள்தான், அஞ்சாறு நாவல், கொஞ்சம் சிறுகதை. படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் ஒரு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. யாரு யாரை அடிச்சாங்க, யாரு செத்தாங்கன்னு கதை ஓடற இடத்துல எல்லாம் கண்ணு நின்னு நிதானமா படிச்சுது, ஆனா மண்ணு, பயிரு, காத்து, மீன் பேரு, கண்மாய் மடைன்னு எழுதினவர் நின்னு பேச ஆரம்பிச்சா கை தானா பக்கத்தைத் தள்ளிருச்சு. அப்படித் தள்ளின பக்கங்கள் ஓரத்துல எல்லாம் பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சேன். இப்ப ஒரு வாரம் லீவு கிடைச்சிருக்கு. கோடு போட்ட பக்கங்களை அந்தந்த ஊருக்கே போய் உக்காந்து படிக்கறதுன்னு கிளம்பிட்டேன், பேக்ல துணியை விட புத்தகம்தான் கனம்.

முதல் ஊரு இடைசெவல். கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். ரோட்டுல வேகமா போறவங்களுக்கு இது கண்ணுலகூட படாது, அவ்வளவு சின்ன ஊரு. 1923 செப்டம்பர்ல ஒரு வாரம் முன்ன பின்ன ரெண்டு பிள்ளைங்க இங்க பிறந்திருக்காங்க, 16ஆம் தேதி கி.ரா.ன்னு எல்லாரும் சொல்ற கி. ராஜநாராயணன், 23ஆம் தேதி கு. அழகிரிசாமி, ரெண்டு பேரும் பின்னாடி எழுத்தாளர்கள். ஒரே ஊரு, ஒரே மாசம். இதை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், ஆனா அந்தத் தெருவுல நடக்கும்போதுதான் உடம்புக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

ராத்திரி பருவம் தப்பின ஒரு மழை பேஞ்சிருந்துச்சு போல. ரோட்டை விட்டு புஞ்சைக்குள்ள நாலு எட்டு வச்சேன், அவ்வளவுதான், ஒவ்வொரு செருப்புலயும் ஒரு பெரிய மண்ணு உருண்டை ஒட்டிக்கிட்டு காலைத் தூக்கவே முடியல. உளுந்துச் செடிக்கு நடுவுல நின்னுட்டு இருந்த ஒரு பெரியவர் பாத்துட்டு, "செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கோ தாயி, இது கரிசலு, காலை விட்டாலும் செருப்ப விடாது"ன்னாரு. வெறுங்காலோட நின்னப்புறம் அவரே சொன்னாரு, இந்த மண்ணு ஒரு தடவை தண்ணி குடிச்சா லேசுல விடாது, மழை நின்னப்புறமும் உள்ள இருக்கற ஈரத்துலயும் பனியிலயுமே பயிரு விளைஞ்சுரும்னு. காலைப் பிடிச்சுக்கிற அதே குணம்தான் தண்ணியையும் பிடிச்சுக்குது.

அங்கயே வரப்போரமா ஒரு வேப்பமரத்துக்கு அடியில உக்காந்து கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்' எடுத்தேன். 1976ல வந்த நாவல். ஊருணிக்கரையில நகைக்காக ஒரு பொண்ணைக் கொல்ற ஆரம்பத்தை முதல் தடவை மூச்சுவிடாம படிச்சேன், ஆனா நூத்தி முப்பது வயசு தாண்டின பூட்டி மங்கத்தாயாரு அம்மா உக்காந்து, ஆந்திரால இருந்து தப்பிச்சு வந்த கதையையும், இங்க வந்து காட்டுக்குத் தீ வச்சு நிலமாக்கின கதையையும் சொல்ற இடத்துல எல்லாம் என் பென்சில் கோடு வரிசையா நிக்குது. இன்னைக்கு அதைப் படிச்சா நிறுத்தவே முடியல. நாடு விட்டு ஓடிவந்த ஒரு கூட்டம் புது மண்ணு முன்னாடி நிக்குது, இது சோறு போடுமா போடாதான்னு அவங்களுக்குத் தெரியாது, நாவலோட பதட்டமே அதுதான். கொலைகாரன் பிடிபடுவானா மாட்டானாங்கறது அதுக்கு முன்னாடி சின்ன விஷயம். நான் தலைகீழா படிச்சிருக்கேன்.

இதோட தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' பத்தி என் கருத்து மாறல. 1991ல சாகித்ய அகாதமி விருது வாங்கினது அதுதான். முதல் பாதியில ஊரு பேசற பேச்சும் பழக்கவழக்கமும் தேன் மாதிரி இருக்கு, பிற்பாதியில சுதந்திரப் போராட்டம் வந்ததும் ஊரு பின்னாடி போய் செய்தி முன்னாடி வந்துருது. இன்னைக்கும் அதே இடத்துலதான் எனக்கு மனசு ஒட்டல.

அழகிரிசாமி கதைகள்ல கோடே இல்ல, அதைச் சொல்லணும். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில ஏழைப் பிள்ளைங்களும் பணக்காரப் பையனும் என்கிட்ட அது இருக்கு உன்கிட்ட இருக்கான்னு போட்டி போடுவாங்க, கடைசியில தீபாவளிக்கு வந்து சேர்ற அநாதைப் பையன் ராஜாவை அந்தம்மா தன் பிள்ளைங்களோட பிள்ளையா குளிப்பாட்டி விடுவாங்க. இதுல எந்த வரியைத் தள்றது? 'அன்பளிப்பு' படிச்சுட்டு சாரங்கனை நினைச்சு நான் அழுத மாதிரி வேற எந்தக் கதைக்கும் அழுததில்ல. அவரு 1970ல 46 வயசுல போயிட்டாரு, அகாதமி விருதுகூட அதுக்கப்புறம்தான் வந்துச்சு. கி.ரா. 97 வயசு வரைக்கும் இருந்து 2021ல போனாரு, அவரை இந்த ஊருலதான் அடக்கம் பண்ணாங்க. இதுல எனக்கு தாங்கவே முடியாதது என்னன்னா, அழகிரிசாமி 'கோபல்ல கிராமம்' படிக்கவே இல்ல. அவரு போய் ஆறு வருஷம் கழிச்சுதான் அது வருது. கூடவே பிறந்து வளர்ந்தவன் நம்ம ஊரையே தூக்கி ஒரு நாவலாக்கிட்டான்னு தெரியாமலே போயிட்டாரு.

நாள் 2: கழுகுமலை

கோவில்பட்டியில ராத்திரி தங்கிட்டு காலையில பஸ் பிடிச்சு கழுகுமலை. வெட்டுவான் கோயிலைப் பாக்க எல்லாரும் வருவாங்க, எட்டாம் நூற்றாண்டு பாண்டியர் வேலை, மலையை மேல இருந்து கீழ குடைஞ்சு செஞ்சது, முடியாமயே நிக்குது. பக்கத்துலயே சமணச் சிற்பங்கள், அதுக்குக் கீழ வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்து. நான் வந்தது வேற காரணத்துக்கு. பூமணியோட 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல, 2014ல அகாதமி விருது வாங்கினது, அதுல இந்த ஊரு ஒரு பெரிய காயமா வருது. 1895ல கழுகுமலைக் கலவரம், அப்புறம் 1899ல சிவகாசிக் கொள்ளை. தேரோடற வீதியில யாரு ஊர்வலம் போகலாம், யாரு போகக்கூடாதுங்கற சண்டை அது.

நாவல்ல ஆண்டியும் மாரியும் சின்னப் பிள்ளைங்களா சுத்தற பகுதி இருக்கே, அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் கொடுத்துப் படிக்கச் சொல்வேன், ரெண்டு சாதியைச் சேர்ந்த ரெண்டு பேரு சாகற வரைக்கும் ஒருத்தனை ஒருத்தன் விடாம பிடிச்சுட்டு இருக்கறது தமிழ்ல இவ்வளவு ஈரமா வந்ததே இல்லன்னு நினைக்கறேன். ஆனா அதுக்கு அப்புறம் ஜமீன், கோர்ட்டு, வழக்கு, சாட்சின்னு ஆவணம் ஆவணமா வரும்போது என் பென்சில் கோடு பக்கம் பக்கமா போகுது.

இன்னைக்கு மத்தியானம் தேர்வீதியில ஒரு சுத்து நடந்தேன். சின்ன வீதிதான். ஒரு மூலையில இருந்து பாத்தா அடுத்த மூலை தெரியுது. இந்தக் கொஞ்ச தூரத்துக்காகவா அத்தனை உயிரு, அத்தனை வழக்குன்னு நெஞ்சு அடைச்சுது, திரும்ப வந்து மலைப்படியில உக்காந்து அந்த வழக்குப் பக்கங்களைப் படிச்சேன், வீதியோட அளவு தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு மனுவும் ஒவ்வொரு சாட்சியமும் வேற மாதிரி கேக்குது. இருந்தாலும் ஒண்ணு சொல்லணும், ஒரு இருநூறு பக்கம் குறைச்சிருந்தா ஆண்டியும் மாரியும் நமக்கு இன்னும் பக்கத்துல இருந்திருப்பாங்க. ஆவணத்தைத் தேடித் தேடி எடுத்தவருக்கு ஒண்ணையும் விட மனசு வரல, அது எனக்குப் புரியுது, ஆனா படிக்கறவங்களுக்கு அது பாரம்தான்.

அவரோட 'வெக்கை' நேர் எதிர். 1982ல வந்த சின்ன நாவல், சினிமாவா வந்ததுக்கு அப்புறம் நிறைய பேரு தேடிப் படிச்சது. படம் பாத்துட்டு போனவங்களுக்கு பழிவாங்கற கதைன்னு தோணும். பதினஞ்சு வயசு சிதம்பரம் வடக்கூரானை வெட்டிட்டு ஓடறான், அதோட கொலை முடிஞ்சு போச்சு, மிச்சம் நாவல் முழுக்க அப்பனும் மகனும் காட்டுலயும் மலையிலயும் ஒளிஞ்சு திரியறது மட்டும்தான். எங்க தண்ணி கிடைக்கும், எதைத் திங்கலாம், எந்தச் செடி மறைப்பு கொடுக்கும்னு வர்ற இடமெல்லாம் என் கோடு. மலை மேல இருந்து சுத்திலும் இருக்கற பொட்டலையும் முள்ளுக்காட்டையும் பாத்துக்கிட்டே அதைத் திரும்ப படிச்சேன். ஒளிஞ்சுக்க இடமே இல்லாத நிலம் இது. இந்த வெட்டவெளியில ஒரு அப்பன் தன் பிள்ளையைத் திட்டாம, நீ ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு குத்திக் காட்டாம, அவனுக்குப் பொங்கிப் போட்டு, தூங்க வச்சு, பக்கத்துல முழிச்சுட்டு உக்காந்திருக்கான். வெட்டு ஒரு நிமிஷம், மிச்ச நாளெல்லாம் அந்தப் பிரியம்தான். அதைப் போய் வர்ணனைன்னு தள்ளியிருக்கேன்.

நாள் 3: எட்டயபுரம் போற வழியில ஒரு கண்மாய்

பாரதி பிறந்த வீட்டுக்குப் போனேன், கொஞ்ச நேரம் திண்ணையைப் பாத்துட்டு நின்னேன், அது தனியா ஒரு நாள் எழுத வேண்டிய விஷயம், இன்னைக்கு இல்ல.

இன்னைக்கு சோ. தர்மனோட 'சூல்'. 2016ல வந்தது, 2019ல அகாதமி விருது. அவரோட ஊரு உருளைக்குடி இந்தப் பக்கம்தான். நாவலோட நாயகன் ஒரு கண்மாய். தண்ணி நிறைஞ்சு நிக்கற கண்மாயை நிறைசூலி, அதாவது நிறைமாசக் கர்ப்பிணி மாதிரி பாக்கறதுலதான் அந்தப் பேரே வந்திருக்கு. மடையைத் திறக்கற நீர்ப்பாய்ச்சி, அவருக்கு ஊரு கொடுத்திருக்கற பொறுப்பு, எந்த வயலுக்கு எப்ப எவ்வளவு தண்ணின்னு வர்ற கணக்கு, முதல் தடவை இதெல்லாம் எனக்கு பாடப்புத்தகம் மாதிரி இருந்துச்சு.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கண்மாய்க்கரை மேல ஏறி நடந்தேன். கண்மாய் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளியேற கலுங்குப் பக்கம் துணி அலசிட்டு இருந்த ஒரு அக்காகிட்ட இந்தத் தண்ணி நிறைஞ்சா எங்க போகும்னு கேட்டேன், கைய நீட்டி, "அந்தா கீழக் கண்மாய்க்கு, அது ரொம்பினா அதுக்கும் கீழ"ன்னு சர்வசாதாரணமா சொல்லிட்டு துணியைப் பிழிஞ்சாங்க. சங்கிலி மாதிரி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு. கோடையில தண்ணி வத்தினா அடியில இருக்கற கரம்பை மண்ணை வண்டி வண்டியா அள்ளி புஞ்சைக்குப் போடுவாங்க, வயலுக்கு உரமும் ஆச்சு, கண்மாய்க்கு ஆழமும் ஆச்சு. ஊரே சேர்ந்து செஞ்ச குடிமராமத்து. கண்மாய் அரசாங்கத்துச் சொத்தா மாறி, ஊருக்காரங்க கையை விட்டுப் போனதும் தூர் வார ஆள் இல்லாம போறதை தர்மன் எழுதும்போது கோவம் கோவமா வருது, அந்தக் கோவம் எனக்கும் தொத்திக்கிச்சு. கண்மாய்க்குள்ள பாதி தூரத்துக்கு சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கறதை நேர்ல பாத்தப்புறம் அது இன்னும் கூடுது.

ஆனாலும் இந்த நாவலோட எனக்கு ஒரு சண்டை இருக்கு. முன்னாடி எல்லாம் நல்லா இருந்துச்சு, பின்னாடி எல்லாம் கெட்டுப் போச்சுன்னு ஒரு கோடு அதுல ஓடிட்டே இருக்கு. அந்தப் பழைய ஒழுங்குல யாருக்கு என்ன வேலைன்னு பிறப்புலயே முடிவு பண்ணிட்டாங்க, யாரு எந்தத் துறையில தண்ணி மொள்ளலாம்னும் முடிவு பண்ணிட்டாங்க. ஊரு ஒத்துமையா கண்மாயைக் காப்பாத்துச்சுன்னு சொல்லும்போது அந்த ஒத்துமைக்கு யாரு வாயை மூடிட்டு இருந்தாங்கங்கறதையும் இன்னும் அழுத்தமா கேட்டிருக்கணும். இது மத்தவங்க சொல்லிக் கொடுத்த குறை இல்ல, கரையில உக்காந்து மடைக்கணக்கைப் படிக்கப் படிக்க எனக்குள்ள வந்த கேள்வி. நாவல் பிடிக்காம கேக்கல, ரொம்பப் பிடிச்சதனாலதான் கேக்கறேன்.

நாள் 4: கொற்கை

சின்ன பதிவுதான் இன்னைக்கு, உடம்பு அசதி.

ஜோ டி குரூஸோட 'கொற்கை'யை பாதியில நிறுத்திட்டேன். 2013ல அகாதமி விருது வாங்கின பெரிய நாவல், தூத்துக்குடித் தோணிகளும் அதை ஓட்டின குடும்பங்களும்தான் கதை. யாரு யாரோட மகன், எந்தத் தோணி யாரு கைக்கு மாறுச்சுன்னு தொடர முடியாம ஒரு இடத்துல விட்டுட்டேன். அதனால கொற்கை ஊருக்கே வந்தேன், ஏதாவது ஒட்டுமான்னு. சங்கப்பாட்டுல முத்துக்குப் பேர் போன பாண்டியர் துறைமுகம், ஆனா இங்க கடலே இல்ல! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின வண்டல்ல கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருச்சு, இப்ப சுத்திலும் வாழையும் நெல்லும். ஒரு பழைய வன்னிமரம் நிக்குது. துறைமுகம் ஒரு ஊரை விட்டுப் போனா என்ன ஆகும்னு பாத்தப்புறம் தூத்துக்குடித் தோணிக்காரங்க பயம் கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருக்கு. நாவலை விட்ட இடத்துல இருந்து முப்பது பக்கம் போனேன். இன்னமும் கஷ்டமாத்தான் இருக்கு. பேரெல்லாம் ஒரு நோட்ல எழுதிட்டே படிச்சா முடிக்கலாம்னு தோணுது.

நாள் 5: உவரி

ஜோ டி குரூஸோட முதல் நாவல் 'ஆழி சூழ் உலகு' வேற விஷயம். அதுக்காகத்தான் இந்தப் பயணமே பாதி. நாவல்ல ஊரோட பேரு ஆமந்துறை, ஆனா உவரிக்காரர் எழுதினது, உவரி மணல்ல நின்னா எல்லாமே அடையாளம் தெரியுது. கப்பல் வடிவத்துல கட்டின மாதா கோயில், அந்தோணியார் கோயில், அப்புறம் நீலமா ஒரே கடல்.

கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கடல்ல கட்டுமரம் உடைஞ்சு மூணு பேரு மிதக்கறாங்க, கிழவர் கோத்ரா, சூசை, சின்னப் பையன் சிலுவை. அந்தத் தவிப்புக்கு நடுவுல நடுவுலதான் ஊரோட அம்பது வருஷக் கதை வருது. நான் அந்த மூணு பேரையும் தேடித் தேடிப் படிச்சுட்டு நடுவுல வர்ற காத்து, நீவாடுங்கற கடல் நீரோட்டம், மீன், மரம் கட்டற விதம் எல்லாத்தையும் தாண்டினேன். எல்லாப் புத்தகத்துலயும் அதிகமா கோடு விழுந்தது இதுலதான்.

கரையில இப்ப பூராவும் பைபர் படகுதான், பின்னாடி மோட்டார். வலை சரி பண்ணிட்டு இருந்த ஒரு தாத்தாகிட்ட கட்டுமரம் பத்திக் கேட்டேன். அவரு வலையைக் கீழ வச்சுட்டு மணல்லயே விரலால வரைஞ்சு காட்டினாரு. தனித்தனித் தடி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டறது, ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடணும், இல்லாட்டி தண்ணி குடிச்சு கனத்துப் போயிரும். "கட்டி அவுக்கறதாலதான் யம்மா அது கட்டுமரம்"னாரு. நான் அப்படியே நின்னுட்டேன். ஒரு கயிறு அறுந்தா மரம் மரமா இருக்காது, ஆளுக்கொரு தடியா ஆயிரும், கடல்ல கிடக்க கிடக்க அந்தத் தடியும் தண்ணி குடிச்சுட்டே போகும். நாவல்ல அந்த மூணு பேரும் பிடிச்சுட்டுக் கிடக்கற மரத்துக்கு ஒரு நேரக்கணக்கு இருக்குங்கறது இப்பதான் எனக்கு உறைக்குது. மரம் கட்டற பக்கத்தைத் தாண்டினவளுக்கு மரம் உடையறதோட பயம் எப்படிப் புரியும்?

காத்தையும் அவர்கிட்டயே கேட்டேன். இப்ப அடிக்கறது வாடை, வடக்க இருந்து. கிழக்க இருந்து வந்தா கொண்டல், தெக்க இருந்து வந்தா சோழகம், மேக்க இருந்து வந்தா கச்சான். "ஆனி ஆடியில வந்து பாரு, கச்சான் கரையில நிக்க விடாது"ன்னு சொன்னாரு. அவரு ஒவ்வொரு பேரா சொல்லும்போது உடம்பை அந்தத் திசைக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. எனக்கு அது வெறும் பேரு. அவருக்கு, நாளைக்குக் காலையில போலாமா, போனா எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகும், திரும்ப வர முடியுமாங்கறது.

சாயங்காலம் இருட்டற வரைக்கும் கரையிலயே படிச்சேன். பெரியவங்க ரெண்டு பேரும் அந்தப் பையனைக் காப்பாத்த என்ன பண்றாங்கங்கற பகுதிக்கு வந்ததும் எழுத்து தெரியல, இருட்டுனாலயா கண்ணீராலயான்னு சொல்லத் தெரியல, போன் வெளிச்சத்துல முடிச்சேன். என்னைக் கேட்டா கடந்த இருபது முப்பது வருஷத்துல வந்த தமிழ் நாவல்கள்ல இதுக்கு முதல் வரிசையில இடம். குறை இல்லாம இல்ல, கட்டமைப்பு அங்கங்க சிதறுது, சில பேரு வந்து ஒரு பக்கத்துலயே காணாம போயிடறாங்க. ஆனா கரையில காத்திருக்கற பொம்பளைங்களை இவரு எழுதின மாதிரி, புருஷன் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் பாதி விதவையா உக்காந்திருக்கறதை எழுதின மாதிரி, நான் வேற எங்கயும் படிக்கல.

நாள் 6: தேங்காய்ப்பட்டணம்

நாகர்கோவில்ல பஸ் மாறினேன். வேப்பமூடு ஜங்ஷன் வழியா போகும்போது எட்டிப் பாத்தேன், சுந்தர ராமசாமி 1966ல எழுதின 'ஒரு புளியமரத்தின் கதை'யில வர்ற மரம் நின்ன இடம் இதுதான்னு சொல்வாங்க. பஸ் நிக்காம போயிருச்சு. அந்த நாவலைப் பத்தி ஏற்கனவே எல்லாரும் நிறைய சொல்லிட்டாங்க, எனக்குப் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, தாமோதர ஆசான் பேசற பக்கம் மட்டும் எப்ப எடுத்தாலும் கீழ வைக்க முடியாது.

தேங்காய்ப்பட்டணம் தோப்பில் முஹம்மது மீரானோட ஊரு. ஆறு வந்து கடல்ல கலக்கற இடம், தென்னந்தோப்பு, இப்ப மீன்பிடித் துறைமுகமும் இருக்கு. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988ல வந்தது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி, அவரோட கெத்து, ஊருக்குள்ள இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாதுன்னு அவரு நிக்கறது, அவருக்குக் குனியாத சுறாப்பீலி (சுறாவோட துடுப்பு) வியாபாரி மஹ்மூது. முதலாளியோட வீம்புக்கு விலை கொடுக்கறது அவரு வீட்டுப் பொம்பளைங்கதான், அதை மீரான் சத்தமே போடாம எழுதியிருக்கறதுதான் எனக்கு இந்த நாவல்ல பெருசு.

இதுல என் பென்சில் கோடு விழுந்தது வர்ணனையில இல்ல, பேச்சுல. மலையாளமும் அரபியும் கலந்த அந்த வட்டாரத் தமிழ் எனக்குப் பிடிபடல. இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம், மீரான் படிச்சதும் மலையாளத்துல. பேச்சு வர்ற இடத்துல எல்லாம் குத்துமதிப்பா அர்த்தம் பண்ணிட்டு ஓடியிருக்கேன்.

திரும்பற பஸ்ல பக்கத்து சீட்ல ஒரு வயசான உம்மா. என்ன புக்குன்னு கேட்டாங்க, உங்க ஊருக் கதைதான்னு சொன்னேன். கண்ணாடி எடுத்துட்டு வரலயாம், "கொஞ்சம் வாசி மோளே கேப்போம்"ன்னாங்க. கோடு போட்ட ஒரு பக்கத்தை எடுத்து வாசிச்சேன், ரெண்டு வரி போனதும் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, "அப்படி இல்ல"ன்னு அதே வார்த்தைகளை அவங்க ராகத்துல சொல்லிக் காட்டினாங்க. அதுவரைக்கும் எனக்குக் கோவமா தெரிஞ்ச பேச்சு அது, அவங்க சொன்னதும் கெஞ்சலா மாறிருச்சு. திரும்ப வாசிச்சேன். மறுபடி திருத்தினாங்க. முன்சீட்டுல ஒருத்தர் திரும்பி உக்காந்து கேக்க ஆரம்பிச்சாரு. மார்த்தாண்டம் வர்ற வரைக்கும் பதினோரு பக்கம் ஆச்சு.